என் காலால் 96 அடி

சிங்கப்பூரின் மண்டாய் தகனச்சாலையில் அவரை அனுப்பிவிட்டு வெளியே வந்து நின்றபோது, வந்திருந்தவர்களில் பாதிப் பேராவது ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்: "தங்கமான மனுஷன்." உடன் வேலை பார்த்தவர்கள் சொன்னார்கள், அவர் குடியிருந்த அடுக்குமாடி புளோக்கிலிருந்து வந்த சீன அம்மாள் தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஏறக்குறைய அதையே சொன்னார், நானும் அவருடைய மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு வேறு எதுவும் தோன்றாமல் அதையே சொன்னேன். வீடு திரும்பும்போது பேருந்தில் உட்கார்ந்து யோசித்ததில் எனக்கு என்மீதே எரிச்சல் வந்தது. எதையும் அளந்து பார்க்காமல் வாய் திறக்காத ஒருவரை இப்படிப் பொத்தாம்பொதுவாகச் சொல்லி வழியனுப்பிவிட்டோமே என்று தோன்றியது. தங்கத்தைக்கூட நாம் தராசில் வைத்துப் பார்த்துத்தானே வாங்குகிறோம். அவருடைய அன்பு எந்த மாதிரியானது, அது எப்படி வேலை செய்தது என்பதை என்னால் முடிந்த மட்டும் சரியாக எழுதிப் பார்க்கலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

பெயரை எழுதப்போவதில்லை. தம்மைப் பற்றிப் பேச்சு வந்தாலே எழுந்து தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) வாங்கப் போய்விடுகிற மனிதர் அவர். நான் கடைசிவரை 'அண்ணே' என்றுதான் கூப்பிட்டேன், இங்கேயும் அண்ணன் என்றே இருக்கட்டும்.

1996இல் நான் ஒரு பலதுறைத் தொழிற்கல்லூரியில் முதலாமாண்டு சேர்ந்தபோது எனக்கு 17 வயது, அண்ணனுக்கு 24. தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் படித்து, தேசிய சேவை என்ற கட்டாயப் பணியை முடித்து, இரண்டு ஆண்டுகள் வேலையும் பார்த்துவிட்டு, மறுபடியும் படிக்க வந்திருந்தார். ஆகவே ஆண்டுக் கணக்கில் அவரும் நானும் ஒரே வகுப்புக்காரர்கள், வயதில் மட்டும் அவர் ஏழு ஆண்டுகள் மூத்தவர். திடல்தட (தடகள) குழுவில் அவரைப் 'பாட்டா' என்று பையன்கள் கேலி செய்வார்கள். அவரும் மும்முறைத் தாண்டுபவர்தான். ஆனால் தேசிய சேவையின்போது இடது முழங்காலில் ஏற்பட்ட காயத்திற்குப் பிறகு அவரால் பெரிதாகத் தாண்ட முடியவில்லை. குழுவுக்குச் சம்பளம் வாங்கும் பயிற்சியாளர் ஒருவர் இருந்தார், அவருக்கு ஓட்டக்காரர்கள்மீதுதான் கண். மணற்குழியின் பக்கம் அவர் வந்து நான் பார்த்தது குறைவு. அந்தக் குழிக்கு யாரும் நியமிக்காமலே பொறுப்பேற்றுக்கொண்டவர் அண்ணன்.

நான் உயர்நிலைப் பள்ளியில் 100 மீட்டர் ஓடியவள். சுமாராக ஓடுவேன். முதல் வாரப் பயிற்சி முடிந்து, மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலை, பேருந்து நிறுத்தத்துக்குப் போகும் வழியில் தேங்கியிருந்த தண்ணீரைத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் வந்தவர் கூப்பிட்டு, "ஏ பிள்ள, நீ வலது காலால எகிறி வலது காலாலயே இறங்குற, தெரியுமா? மூணு தடவையும் அப்படித்தான் செஞ்ச. எல்லாரும் கால் மாத்திதான் இறங்குவாங்க" என்றார். ஓர் ஆள் தண்ணீர் தேங்கிய பாதையில் நடப்பதை மூன்று தடவை எண்ணிப் பார்த்தவரை நான் அதற்குமுன் சந்தித்ததில்லை. கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. மும்முறைத் தாண்டுதலின் முதல் பாய்ச்சல் அதுதான், எகிறிய காலிலேயே இறங்க வேண்டும், இரண்டாவதில் மற்றக் காலில் இறங்க வேண்டும், மூன்றாவதில் இரண்டு காலும் மணலில் விழ வேண்டும் என்று நிறுத்தத்தில் நின்றுகொண்டே விளக்கினார். அந்த ஜூலை மாத இறுதியில்தான் அட்லாண்டா ஒலிம்பிக்கில் பெண்களுக்கான மும்முறைத் தாண்டுதல் முதல்முறையாக நடந்திருந்தது. உக்ரேனின் இனெசா கிராவெட்ஸ் 15.33 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கியிருந்தார். "ஒலிம்பிக்கிலயே பொண்ணுங்களுக்கு இப்பத்தான் ஆரம்பிச்சிருக்காங்க. நீ ஒண்ணும் லேட் இல்ல" என்றார் அண்ணன். நான் ஏறவேண்டிய பேருந்து அதற்குள் போய்விட்டிருந்தது.

வீட்டில் சம்மதம் வாங்குவதுதான் பெரிய பாடாக இருந்தது. அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுநர். பெண் பிள்ளை இருட்டிய பிறகு வீடு திரும்புவதும், தொடை தெரிய உடுத்திக்கொண்டு பலர் முன்னால் மணலில் விழுவதும் அவருக்கு உவப்பாக இல்லை. "படிக்கத்தான அனுப்பினேன்" என்பதற்கு மேல் அவர் பேசவில்லை. அப்பா குறைவாகப் பேசினால் வீட்டில் அதற்கு அப்பீல் கிடையாது. அண்ணன் ஒரு சனிக்கிழமை தோ பாயோவில் எங்கள் புளோக்கின் கீழிருந்த கோப்பிக்கடைக்கு வந்து, என்னைக் கூப்பிடாமல், அப்பாவை மட்டும் சந்தித்தார். என்ன பேசினார்கள் என்று பிறகு அம்மா வழியாகத்தான் தெரிந்தது. என்னைப் பற்றி முதல் அரை மணி நேரம் அண்ணன் எதுவுமே பேசவில்லையாம். குணாளனைப் பற்றித்தான் பேச்சு. 1966இல் பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் சிங்கப்பூர் ஓட்டவீரர் சி. குணாளன் 100 மீட்டரில் வெள்ளி வாங்கியபோது அப்பாவுக்குப் 18 வயது. ஃபேரர் பார்க் திடலில் குணாளன் ஓடியதைப் பார்த்த கதையை அப்பா எங்களுக்கே பலமுறை சொல்லியிருக்கிறார். 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் குணாளன் ஓடிய 10.38 விநாடி, 28 ஆண்டுகள் கழித்தும் தேசியச் சாதனையாக அசையாமல் நின்றுகொண்டிருந்தது. அண்ணன் அதன் ஒவ்வொரு புள்ளியையும் தெரிந்துவைத்திருந்தார். கடைசியில் எழும்போதுதான், "வாரத்துல ரெண்டு நாள் அங்கிள். ஏழரைக்கு முடியும். நானே பஸ்ல கூட வந்து லிஃப்ட் வரைக்கும் விட்டுட்டுப் போறேன்" என்றாராம்.

அன்றைக்கு அப்பா அவரை மேலே அழைத்து வந்தார். அம்மா ஒரு பழைய மைலோ டின்னில் முறுக்கு போட்டுக் கொடுத்தார். அடுத்த வாரம் அந்த டின் திரும்பி வந்தது, உள்ளே விளிம்பு வரை சீனி. வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்று அவருடைய பாட்டி சொல்லி வளர்த்திருக்கிறார். அம்மாவுக்கு அதன்பிறகு என் பயிற்சியைப் பற்றி ஒரு கேள்வியும் இருக்கவில்லை. தீபாவளிக்குத் தீபாவளி அந்த டின் போவதும் சீனியோடு திரும்புவதும் வழக்கமாகிவிட்டது. லிஃப்ட் வரைக்கும் என்று சொன்னதையும் அவர் அப்படியே செய்தார். பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளில் அப்போதெல்லாம் லிஃப்ட் எல்லா மாடிகளிலும் நிற்காது, எங்கள் புளோக்கில் 1, 5, 9 ஆகிய மாடிகளில் மட்டும் நிற்கும், எங்கள் வீடோ ஏழாவது மாடி. ஐந்தில் இறங்கி மிச்ச இரண்டு மாடிகளையும் வலது காலால் மட்டுமே தத்தி ஏற வேண்டும் என்பது அண்ணன் எனக்குக் கொடுத்த வீட்டுப்பாடம். இரவு படிக்கட்டில் தொம் தொம்மென்று சத்தம் கேட்டால் அம்மா சோற்றை எடுத்து வைத்துவிடுவார்.

அவர் சொல்லிக்கொடுத்த முறையைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். மும்முறைத் தாண்டுதலுக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் ஒரே தவற்றைச் செய்வார்கள். முதல் பாய்ச்சலை ஆசையோடு உயரமாக எடுத்துவிடுவார்கள். எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறோமோ அவ்வளவு பாரம் இறங்குகிற ஒற்றைக் காலில் வந்து சேரும். தேர்ந்த வீரர்களுக்கு அது உடல் எடையைப் போலப் பத்து மடங்கையும் தாண்டும் என்கிறார்கள். அந்தப் பாரத்தில் கால் மடங்கிப்போக, இரண்டாவது பாய்ச்சல் வெறும் தடுமாற்றமாகவே முடியும். மூன்று பாய்ச்சலின் சத்தமும் ஏறக்குறைய ஒரே இடைவெளியில் கேட்க வேண்டும். அண்ணன் சிறு வயதில் கோயில் வகுப்பு ஒன்றில் இரண்டு ஆண்டுகள் மிருதங்கம் படித்தவர். "தகிட" என்று தொடையில் தட்டிக் காட்டுவார். "த, கி, ட. மூணும் சமம். நீ தாஆ கிட-ன்னு போற" என்பார். சில நாள்களில் நான் ஓடிவரும்போது அவர் குழிக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டி நின்றுகொள்வார். கண்ணால் பார்த்தால் ஏமாந்துவிடுவோம், காதால் கேட்டால்தான் சரியாகத் தெரியும் என்பார். முதுகைத் திருப்பிக்கொண்டே, "ரெண்டாவது சின்னதாப் போச்சு" என்று சொல்வார். அது ஒருபோதும் தவறியதில்லை.

1995 ஆகஸ்டு 7ஆம் தேதி கோத்தன்பர்க் உலக வெற்றியாளர் போட்டியில் ஜொனதன் எட்வர்ட்ஸ் முதல் முயற்சியில் 18.16 மீட்டரும் அடுத்த முயற்சியில் 18.29 மீட்டரும் தாண்டியதைத் தொலைக்காட்சியிலிருந்து வீடியோ நாடாவில் பதிவுசெய்து வைத்திருந்தார். காற்றின் துணை அனுமதித்த அளவுக்குள் இருக்க 18 மீட்டரைக் கடந்த முதல் மனிதர் எட்வர்ட்ஸ்தான். அந்த நாடாவை நாங்கள் எத்தனை தடவை பார்த்தோம் என்பதற்குக் கணக்கில்லை. ஊரில் குளத்தில் தட்டைக் கல்லைத் தவளைபோலத் தத்திப் போகும்படி எறிவார்கள் என்று அப்பா சொல்வாரே, எட்வர்ட்ஸ் அப்படித்தான் போவார், உயராமல், வேகம் குறையாமல். அதே போட்டியில் மூன்று நாள் கழித்து கிராவெட்ஸ் 15.50 மீட்டர் தாண்டி உலகச் சாதனை படைத்ததும் அதே நாடாவில் இருந்தது. அண்ணன் எட்வர்ட்ஸைவிட அதைத்தான் எனக்கு அதிகம் ஓட்டிக் காட்டினார்.

1997 செப்டம்பரில் புகைமூட்டம் வந்தது. இந்தோனேசியக் காடுகளில் மூண்ட தீயின் புகை, எல் நீன்யோ வறட்சியால் அணையாமல், வாரக்கணக்கில் இந்தத் தீவின்மேல் கவிந்திருந்தது. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 226 வரை போனது. திடலில் பயிற்சி நின்றுபோனது. அண்ணன் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் தூண்களுக்கிடையே சாக்பீஸால் கோடு போட்டு, ஓடாமல், நின்ற இடத்திலிருந்து இரண்டு மூன்று பாய்ச்சல் மட்டும் செய்யவைத்தார். அங்கேயும் புகை இருந்தது என்பதால் பத்து நிமிடத்துக்கு மேல் விடமாட்டார். இரண்டாவது நாளே இரண்டாவது மாடியிலிருந்து ஒரு மலாய்ப் பாட்டி இறங்கிவந்து, பேரக் குழந்தை தூங்கும் நேரத்தில் என்ன சத்தம் என்று கேட்டார். நான் நழுவப் பார்த்தேன். அண்ணன் அந்தப் பாட்டியிடம், குழந்தை எத்தனை மணிக்குத் தூங்கி எத்தனை மணிக்கு எழும் என்று மலாயில் நிதானமாக விசாரித்துக் குறித்துக்கொண்டார். மறுநாளிலிருந்து பயிற்சி நாலேமுக்கால் மணிக்கு. அந்தக் குழந்தையையும் தூக்கிக்கொண்டு பாட்டி கீழே வந்து உட்கார்ந்து பார்ப்பார்.

அவர் எனக்குக் கொடுத்ததையே சொல்லிக்கொண்டு போனால் கணக்கு ஒருபக்கமாகிவிடும். தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலிருந்து வருகிறவர்களுக்குப் பலதுறைத் தொழிற்கல்லூரியின் கணிதம்தான் பெரிய மலை. உயர்நிலைப் பள்ளியில் கூடுதல் கணிதம் படித்துவந்த எங்களுக்கு வகைநுண்கணிதம் பழைய சோறு, அண்ணனுக்கு அது புது மொழி. முதல் பருவத்தில் அந்தப் பாடத்தில் அவர் தேறவில்லை. யாரிடமும் சொல்லாமல் இரண்டு வாரம் இருந்துவிட்டு, ஒருநாள் பயிற்சி முடிந்ததும் என்னிடம், "எனக்குச் சொல்லித் தர்றியா?" என்று கேட்டார். ஏழு வயது மூத்த ஆண் ஒருவர், தாம் பயிற்சி கொடுக்கிற பெண்ணிடம் வந்து, எந்தச் சுற்றிவளைப்பும் இல்லாமல் அப்படிக் கேட்பது எங்கள் சமூகத்தில் அன்றைக்கு எவ்வளவு அபூர்வம் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. செவ்வாய்க்கிழமை நூலகத்தில் நான் ஆசிரியர், வியாழக்கிழமை மணற்குழியில் அவர் ஆசிரியர். நான் பொறுமையில்லாத ஆசிரியராக இருந்தேன் என்பதையும் எழுதிவைக்க வேண்டும். ஒரே கணக்கை மூன்றாவது முறை தவறாகப் போட்டால் பேனாவைக் கீழே போட்டுவிடுவேன். அவர் அதை எடுத்துக் கையில் கொடுத்து, "இன்னொரு தடவை" என்பார். மறுதேர்வில் தேறினார்.

இனி அந்த 96 அடிக்கு வருகிறேன். தாண்டுதலில் ஓடிவரும் தூரம் முன்கூட்டியே அளந்து வைக்கப்பட்டது. 20 சென்டிமீட்டர் அகலமுள்ள வெள்ளைப் பலகையின்மேல் கால் சரியாக விழவேண்டும், அதைத் தாண்டி விரல்நுனி போனாலும் அந்த முயற்சி செல்லாது. ஆகையால் எங்கிருந்து ஓடத் தொடங்குவது என்பதைப் பலகையிலிருந்து பின்னோக்கி, குதிகாலும் விரல்நுனியும் ஒட்ட ஒட்ட அடி வைத்து அளந்து, அந்த இடத்தில் ஓர் ஒட்டுநாடாத் துண்டை ஒட்டுவோம். முதல் சில மாதங்கள் அண்ணனே அவர் காலால் அளந்து ஒட்டினார். என் இடம் அவர் காலால் 84 அடி. பிறகு ஒருநாள், போட்டியன்று பயிற்சியாளர்களைத் திடலுக்குள் விடமாட்டார்கள், வேலிக்கு வெளியேதான் நிற்க முடியும், ஆகவே உன் காலாலேயே அளந்துகொள் என்றார். என் காலால் அது 96 அடி வந்தது. இரண்டுமே கிட்டத்தட்ட இருபத்துமூன்றரை மீட்டர். அவர் அளவுநாடாவை எடுத்துவந்து அதையும் சரிபார்த்த பிறகுதான் ஒப்புக்கொண்டார்.

1998இல் தொழிற்கல்லூரிகளுக்கிடையிலான போட்டி. நான் பதக்கம் வாங்கக்கூடும் என்று குழுவில் பேச்சிருந்தது, அப்பாவும் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தார். பயிற்சி ஓட்டத்தின்போது எதிர்க்காற்று. எதிர்க்காற்றில் எட்டு வைக்கும் தூரம் சுருங்கும், கால் பலகைக்கு வந்து சேராது. அண்ணன் வேலிக்கு வெளியிலிருந்து ஒரு விரலைக் காட்டினார். ஓர் அடி முன்னால் வை என்று அர்த்தம். 95இல் ஒட்டினேன். என் பெயரைக் கூப்பிடுவதற்குள் மேற்கே வானம் கறுத்துவிட்டது. இங்கே பிற்பகல் இடிமழைக்கு முன்னால் காற்று திரும்பிக்கொள்வது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் பார்வையாளர் மாடத்தின்மேல் இருந்த கொடி, கூரையின் மறைவில், பழைய திசையிலேயே அசைந்துகொண்டிருந்தது.

முதல் முயற்சி. பலகைக்கு அப்பால் பூசியிருந்த களிமண் பட்டையில் என் காலணி நுனி இரண்டு விரல்கடை ஆழமாகப் பதிந்துவிட்டது. சிவப்புக் கொடி தூக்கினார்கள். நடுவர் ஒருவர் குந்தி உட்கார்ந்து, பூச்சுக் கத்தியால் அந்தத் தடத்தை மெதுவாக வழித்துச் சமன் செய்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். கொடியை ஒருமுறை பார்த்துவிட்டு, அப்படியே இருக்கட்டும் என்று உள்ளங்கையைக் காட்டினார். இரண்டாவது முயற்சியில் நான்கு விரல்கடை. மறுபடியும் சிவப்பு. மூன்றாவது முறை எனக்கு யாரையும் பார்க்கத் தோன்றவில்லை, நாடாவை மாற்றவும் தோன்றவில்லை. ஓடி வரும்போதே எட்டுகளைக் கத்தரித்து, கால் மாறி, தாண்டாமலே மணலுக்குள் ஓடிப்போய் நின்றேன். மூன்றும் செல்லாதவை. முடிவுத் தாளில் என் பெயருக்கு நேரே அளவு எதுவும் இருக்காது. முதல் எட்டுப் பேருக்கு மட்டும் மேலும் மூன்று முயற்சிகள் உண்டு, அதில் நான் இல்லை.

மழை பிடித்துக்கொண்டது. மாடத்தின் படிக்கட்டுக்குக் கீழே, குழுவினரும் அப்பாவும் ஒதுங்கி நின்ற இடத்துக்கு நான் போனபோது, எல்லாரும் எதையாவது சொல்லி என்னைத் தேற்ற ஆயத்தமாக இருந்தார்கள். அண்ணன் நேராக என் முன்னால் வந்து, அத்தனை பேர் கேட்க, "ரெண்டாவதுக்கே மாத்தச் சொல்லியிருக்கணும். நான் கொடியப் பார்த்துக்கிட்டு இருந்தேன், உன்னப் பார்த்திருக்கணும். தப்பு என்னுது" என்றார். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பி, "அங்கிள், பிள்ள சரியாத்தான் ஓடிச்சு. நான்தான் இடத்தத் தப்பாச் சொன்னேன்" என்றார்.

நான் அதுவரை ஒரு பெரியவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டுப் பார்த்ததில்லை. அப்பா தாம் செய்தது தவறென்று உணர்ந்தால் மறுநாள் மீ கோரெங் (வறுத்த நூடுல்ஸ்) வாங்கிவருவார். அம்மா பெரிய மீன் துண்டை என் தட்டில் வைப்பார். ஆசிரியர்கள் அந்தப் பேச்சையே எடுக்கமாட்டார்கள். இவற்றில் அன்பு இல்லை என்று நான் சொல்லமாட்டேன், மீ கோரெங் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் எது தவறு, எத்தனையாவது முயற்சியில், யாருடையது என்று இத்தனை துல்லியமாக ஒருவர் சொன்னபோது, எனக்குள் அழுவதற்குத் தயாராக இருந்த ஏதோ ஒன்று அழாமலே அடங்கிப்போனது. என்னிடம் ஏதோ கோளாறு இருக்கிறது என்று நினைத்தபடி வீட்டுக்குப் போகவேண்டியவள், காற்று திரும்பியது என்ற ஒரே செய்தியோடு வீட்டுக்குப் போனேன். அப்பா பேருந்தில், "அந்தத் தம்பி மனுஷன்" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வியாழக்கிழமை திடலுக்குப் போனால், ஓடுபாதையின் ஓரத்தில் மூன்று இடங்களில் சாத்தே இறைச்சி குத்தும் குச்சிகளை நட்டு, ஒவ்வொன்றின் நுனியிலும் பிரித்த ராஃபியா கயிற்றின் இழை ஒன்றைக் கட்டிவைத்திருந்தார். இனிமேல் கொடியைப் பார்க்க வேண்டாம், இடுப்பளவு உயரத்தில் காற்று என்ன செய்கிறது என்பதைப் பார்த்தால் போதும் என்றார். நடந்துபோன தவற்றைப் பற்றி அவர் மறுபடி பேசியதில்லை.

கடைசி ஆண்டு நான் நான்காவதாக வந்தேன். மூன்றாவது இடத்துக்கு 6 சென்டிமீட்டர் குறைவு. பரிசளிப்பு மேடையைத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது அண்ணன் வந்து, "அந்த 6 சென்டி எங்க போச்சுன்னு எனக்குத் தெரியும். இன்னைக்கு வேணாம், நாளைக்குச் சொல்றேன்" என்றார். மறுநாள் சொன்னார். மணலில் விழும்போது என் இடது கை பின்னால் தங்கி ஊன்றிவிட்டதாம். உடம்பின் எந்தப் பாகம் பலகைக்கு மிக அருகில் மணலைத் தொட்டதோ அங்கிருந்துதான் அளப்பார்கள். ஆறுதல் சொல்லவேண்டிய நாளில் அளவைச் சொல்லாமல் விட்டதும், அடுத்த நாள் மறக்காமல் சொன்னதும், இரண்டுமே அவர்தான்.

படிப்பு முடிந்து அவர் மின்தூக்கிகளைப் பராமரிக்கும் வேலைக்குப் போனார், பிறகு அவற்றைப் பரிசோதிக்கும் பொறுப்புக்கு உயர்ந்தார். கூண்டின் தரையும் மாடியின் தரையும் ஒட்டி நிற்கின்றனவா என்று பார்க்கும் வேலை அவருக்காகவே வைத்திருந்ததுபோல இருக்கும். நான் ஓர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தேன். பல ஆண்டுகள் கழித்து அங்கே நான் சொன்ன தவறான வெப்பநிலையால் ஒரு நாள் முழுவதற்குமான மாதிரிகள் வீணாயின. புதிதாகச் சேர்ந்திருந்த பையன்மீது பழி விழவிருந்தது. "தப்பு என்னுது" என்று மேலாளர் அறையில் சொல்ல எனக்கு இருபது நிமிடம் பிடித்தது. படிக்கட்டுக்குக் கீழே அண்ணனுக்கு அதற்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்கும் என்று அன்று மாலை தொலைபேசியில் கேட்டேன். "நீ மணல்ல இருந்து நடந்து வர்ற வரைக்கும்" என்றார்.

அவரிடம் குறைகள் இல்லாமலில்லை. சிகரெட்டை விடுகிறேன் என்று என் அம்மாவிடம் மூன்று தீபாவளிகளில் வாக்குக் கொடுத்தார். அளவு தெரியாத விஷயத்தில் அபிப்பிராயமே சொல்லமாட்டார் என்பதால், எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது அவரிடம் ஒரு வார்த்தை வாங்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. நாமாகக் கூப்பிட்டால்தான் பேசுவார். ஆனால் தாண்டுதலில் செய்தி வந்துவிட்டால் நடுராத்திரியானாலும் அழைப்பு வரும். 2001இல் கோலாலம்பூர் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் சிங்கப்பூரின் யு.கே. ஷ்யாம் 10.37 விநாடியில் ஓடி, 33 ஆண்டுகள் நின்ற குணாளனின் சாதனையை நூறில் ஒரு பங்கு விநாடியில் தகர்த்தபோது, அவர் என்னைக் கூப்பிடவில்லை, என் அப்பாவைக் கூப்பிட்டார். இருவரும் துக்கமும் சந்தோஷமும் கலந்து அரை மணி நேரம் பேசினார்கள். அப்பா 2011இல் காலமானபோது வாசலில் செருப்புகளை ஒழுங்குபடுத்திக்கொண்டு நின்றவர் அண்ணன். தோக்கியோ ஒலிம்பிக்கில் வெனிசுவேலாவின் யூலிமார் ரோஹாஸ் 15.67 மீட்டர் தாண்டி, எங்கள் நாடாவில் இருந்த கிராவெட்ஸின் சாதனையை முறியடித்த இரவு, "நம்ம டேப் பழசாயிடுச்சு" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது. 2023 மே மாதம் ஹவானாவில் தமிழ்நாட்டு இளைஞர் பிரவீண் சித்ரவேல் 17.37 மீட்டர் தாண்டி இந்தியச் சாதனை படைத்தபோது காணொளியோடு வந்த குறிப்பு: "கண்ண மூடிக்கிட்டுக் கேளு. தகிட."

சென்ற ஆண்டு, வேலைக்குக் கிளம்பும் நேரத்தில், மாரடைப்பு. 53 வயது. அதைப் பற்றி எழுத என்னிடம் வேறு எதுவும் இல்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அம்மாவையும் அழைத்துக்கொண்டு போனேன். அம்மாவுக்கு இப்போது முட்டி வலி, ஒவ்வொரு படியிலும் நின்று நின்றுதான் ஏறுகிறார். அவர்கள் வீட்டு லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்கிறது, கூண்டும் தரையும் மயிரிழை வித்தியாசமில்லாமல் சேர்ந்து நின்றன, நான் குனிந்தே பார்த்துவிட்டேன். சாப்பாடு முடிந்து கிளம்பும்போது அண்ணி உள்ளே போய் அந்த மைலோ டின்னை எடுத்துவந்தார். போன தீபாவளிக்கு முறுக்கோடு போனது. துக்க வீட்டிலிருந்து இதை இப்போது கொடுக்கலாமா என்று யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை, "ரெண்டு மாசம் முன்னாடியே நிரப்பி வச்சிட்டாரு, கொண்டு வந்து கொடுக்கத்தான் நேரம் கிடைக்கல" என்று சொல்லி அம்மாவின் கையில் கொடுத்தார். பேருந்தில் அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். தோ பாயோ வந்ததும் மூடியை நெம்பித் திறந்து பார்த்தார். சீனி விளிம்பு வரை இருந்தது.